கழற்றிய கொடியின் நிழல்

துணிக்கொடியைத் தீபாவளிக்கு முன்பே கழற்றியாகிவிட்டது. பால்கனிக் கம்பிகளுக்கு வண்ணம் பூச வந்தவர் அதை அறுத்துச் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டதை மதுமதி நின்று பார்த்திருந்தாள். ஆயினும் டிசம்பர் மாதத்தின் அந்தத் திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டே காலுக்கு, கூடத்துச் சுவரில் விழுந்த வெயில் கட்டத்தின் குறுக்கே கொடியின் நிழல் இருந்தது. இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை, நடுவில் சற்றே தொய்ந்து, நைலான் கயிற்றின் பருமனில்.

எழுந்து பால்கனிக்குச் சென்றாள். இரு பக்கச் சுவர்களிலும் கொக்கிகள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் கையை நீட்டி மேலும் கீழும் அசைத்தாள். எதுவும் தட்டுப்படவில்லை. உள்ளே சுவரில், அவளுடைய கையின் நிழல் கொடியின் நிழலைக் கடந்து போய்த் திரும்பி வந்தது.

அவள் மறுபடியும் மடிக்கணினியின் முன் அமர்ந்தாள். அச்சம் தோன்றவில்லை, அஞ்ச வேண்டிய இடம் இது என்பது மட்டும் தெரிந்தது. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு சொந்தக் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்ப்பதைப் போன்ற அறிதல் அது. கணவன் சந்திரமௌலி இறந்த பின்னான பதினொரு மாதங்களில் அவளுக்கு எல்லாமே அப்படித்தான் தெரிந்துகொண்டிருந்தன.

அந்த வாரம் காற்று மாசு எல்லை மீறியிருந்ததால் பள்ளிகளை மூடியிருந்தார்கள். அலுவலகங்களில் பாதிப்பேர் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும் என்று ஆணை. மயூர் விஹாரில் நான்காம் மாடியில் இருந்த அந்த வீட்டில், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஷ்வேதா சாப்பாட்டு மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பில் இருந்தாள், தாய் சோபாவில். மூலையில் காற்றுச் சுத்திகரிப்பான் சிவப்பு விளக்குடன் இரைந்துகொண்டிருந்தது. புகையைத் தாண்டி வந்த வெயில் தேநீரின் நிறத்தில் இருந்தது. கருகிய இலையின் வாடை மூடிய கதவுகளின் இடுக்கு வழியே வந்து திரைச்சீலையில் தங்கியது. கீழே பழைய சாமான் வாங்குபவர் ஒரே சொல்லை நீட்டி நீட்டிக் கூவிக்கொண்டு போனார். அந்தக் குரலுக்கும், சுத்திகரிப்பானின் இரைச்சலுக்கும், ஷ்வேதாவின் வகுப்பில் ஆசிரியை வாசித்துக்கொண்டிருந்த வேதியியல் சமன்பாட்டுக்கும் அடியில், நிழல் மெல்ல இறங்கிற்று.

மதுமதியின் வேலை சூரியனைப் பார்ப்பது. சூரியப் பரப்புக்கு மேலே, காந்தப் புலத்தின் தாங்கலில், சுற்றியிருப்பதைவிடக் குளிர்ந்த வாயு நீண்ட இழையாகத் தொங்கும். சிவப்பு வடிகட்டி வழியே எடுத்த படங்களில், ஒளிரும் தட்டின்மேல் கிடக்கும் கருநூலாக அது தெரியும். சில இழைகள் ஆடும். ஒருமுறை போய்வர ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். ஆட்டம் தணிந்தால் கவலையில்லை. வளர்ந்தால், சில சமயம், இழை அப்படியே எழும்பி வெடித்து விண்வெளிக்குள் பாயும். எந்த ஆட்டம் தணியும், எது வெடிக்கும் என்பது எவருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆகவே பிரிவுத் தலைவர் இராஜமாணிக்கம் ஒரு விதி வைத்திருந்தார்: ஒன்றைவிட மற்றொன்று பெரிதாக மூன்று முழு ஊசல்களைக் காணாமல் எவரும் சூரியப் புயல் எச்சரிக்கை எழுதக் கூடாது. இரண்டாண்டுகளுக்கு முன் மதுமதி இரண்டு ஊசல்களிலேயே எழுதினாள். இழை அமைதியாகப் படுத்துவிட்டது. அடுத்த ஒரு மாதம், கான்டீன்காரர்கூட, “மேடம்ஜி, இன்னிக்காவது வெடிக்குமா?” என்று இந்தியில் கேட்டுவிட்டுத்தான் தேநீரை வைத்தார். அதன் பிறகு அவள் விதியை மீறியதில்லை.

அந்த வாரமும் சூரியனில் ஓர் இழை ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிமிடத்துக்கு ஒரு படமாக அளந்துகொண்டிருந்தாள். ஆகையால் செவ்வாய்க்கிழமை சுவர் நிழலையும் அளந்தது அவளுக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை. சூரியன் இறங்க இறங்க நிழல் ஒரே சீராக மேலேற வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பென்சிலால் குறித்து, அந்தச் சீரான ஏற்றத்தைக் கழித்தாள். கழித்த பின் எதுவும் மிஞ்சக் கூடாது. மிஞ்சியது: ஒரு விரற்கடை கீழே, ஒரு விரற்கடை மேலே, மறுபடியும் நடுவில். ஏறத்தாழ எழுபது நிமிடம்.

“அம்மா, சுவத்துல என்ன கிறுக்கற?” என்றாள் ஷ்வேதா, ஒலிவாங்கியை அணைத்துவிட்டு. “நான் சின்ன வயசுல கிறுக்கினப்போ அடிச்சியே.”

“அடிக்கல. திட்டினேன்.”

“ஸ்கேலால அடிச்ச. அப்பாவே சாட்சி.”

சாட்சியை அழைக்க இயலாததால் வழக்கு அங்கேயே நின்றது. ஷ்வேதா சுவரைப் பார்த்தாள்.

“அது என்ன நிழல்?”

“துணிக்கொடியோடது.”

“கொடிதான் இல்லையே.”

“ஆமா.”

“அச்சா,” என்றாள் ஷ்வேதா. அவளும் அப்பா இறந்ததிலிருந்து அதிகமாக வியப்பதை விட்டிருந்தாள். “அப்ப ஓக்கே.” ஒலிவாங்கி மறுபடியும் உயிர்பெற்றது.

புதன்கிழமை நிழல் இரண்டரை விரற்கடை இறங்கி, அதே அளவு ஏறியது. ஏற்றத்தின் உச்சியில் அது சுவிட்சுப் பலகையின் கீழ்விளிம்பைத் தொட்டபோது கூடத்தில் ஈரத்துணியின் வாடை அடித்தது. பிழிந்து உதறாமல் போட்ட துணியின் புளித்த வாடை. அன்று யாரும் துவைத்திருக்கவில்லை. மதுமதி குளியலறை வாளியைப் பார்த்தாள், வாஷிங் மெஷினின் கதவைத் திறந்து பார்த்தாள். உலர்ந்திருந்தன. கூடத்துக்குத் திரும்பியபோது வாடை ஷ்வேதாவின் நாற்காலியைச் சுற்றி மட்டும் இருந்தது.

நான்கு மணிக்கு வெயில் சுவரை விட்டு நீங்கியதும், அவள் அலமாரியின் கீழ் இழுப்பறையிலிருந்து மௌலியின் கைப்பேசியை எடுத்து மின்னேற்றினாள்.

கடந்த ஜனவரியில், முதுகெலும்பு வட்டு விலகியதால், அவன் ஒரு மாதம் வீட்டில் இருந்தான். படுக்கச் சொன்னால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பான். அந்த நாள்களில் இந்தச் சுவரை அவன் படமெடுத்து அனுப்பியது அவளுக்கு நினைவிருந்தது. ‘மது, இது ஏன் இப்படி ஆடுது? உன் ஆபீஸ்லேர்ந்து ஒண்ணு தப்பிச்சு வந்துடுச்சா?’ என்று கேட்டிருந்தான். ‘காத்து’ என்று அவள் ஒரு சொல்லில் பதில் போட்டிருந்தாள். அப்போது கொடி உண்மையிலேயே இருந்தது. காற்று என்பதில் பிழை காண முடியாது.

அவளுக்கு அனுப்பியவை மூன்று. கைப்பேசியில் இருந்தவை பதினொன்று. ஒரே நாற்காலியிலிருந்து, ஒரே கோணத்தில், நாளுக்கு ஒன்று. சுவிட்சுப் பலகையின் அகலத்தை அளவுகோலாகக் கொண்டு முதல் பத்துப் படங்களிலும் நிழலின் உயரத்தை அளந்து, படமெடுத்த நேரத்துக்குரிய ஏற்றத்தைக் கழித்தாள். புள்ளிகளை இணைத்தபோது வளர்ந்துகொண்டே போகும் ஊசல் கிடைத்தது. மிக அழகான வரைபடம். வேறொன்றாக இருந்திருந்தால் கட்டுரையில் சேர்த்திருப்பாள்.

பதினொன்றாவது படத்தில் நிழல் இல்லை. வெயில் இருந்தது, சுவிட்சுப் பலகை இருந்தது; குறுக்கே எதுவும் இல்லை. அதையும் அவளுக்கு அனுப்பியிருந்தான். மூன்று மணி நான்கு நிமிடம். ‘போயிடுச்சு!’ அவள் அப்போது ஒரு கூட்டத்தில் இருந்தாள். கட்டைவிரல் உயர்த்திய படத்தை அனுப்பியிருந்தாள்.

அன்று மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து வந்த ஷ்வேதா, அப்பா மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். முகத்தில் வலியின் சுவடு இல்லை. நல்ல செய்தி ஒன்றைக் கேட்டவனைப்போல் இருந்தான். மாரடைப்பு என்று சான்றிதழில் எழுதினார்கள். மார்பின் குறுக்கே, இடமிருந்து வலமாக, நூல் பருமனில் கறுத்த கோடு ஒன்று இருந்தது. முதுகு வலிக்காகக் கட்டியிருந்த பட்டையின் விளிம்பு பதிந்தது என்றார் மருத்துவர். பட்டை இடுப்பில் கட்டுவது. மதுமதி அதைச் சொல்லவில்லை.

இப்போது அவள் கணக்கிட்டாள். மௌலிக்குப் பதினொரு நாள். இங்கே இரண்டு ஊசல் முடிந்திருக்கிறது. விதிப்படி மூன்று வேண்டும். மூன்றாவதும் பெரிதாக இருந்தால் ஐயமில்லை. அதன் பிறகும் ஒரு வார காலம் கையில் இருக்கும். லக்ஷ்மிபாய் நகரில் வசிக்கும் மௌலியின் அக்கா காந்திமதியைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“அக்கா, ஷ்வேதாவை உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா? ஒரு ரெண்டு வாரம்.”

“இதென்ன கேள்வி? இன்னிக்கே அனுப்பு. இங்கயும் அதே புகைதான், ஆனா கேரட் அல்வா உண்டு.”

“வெள்ளிக்கிழமை கொண்டு வந்து விடறேன்க்கா. நாளைக்கு அவளுக்கு மேத்ஸ் டெஸ்ட். அதோட ஒரு அளவு பாக்கி இருக்கு.”

“என்ன அளவு? பிளவுஸா?”

“அந்த மாதிரிதான்,” என்றாள் மதுமதி.

வியாழக்கிழமை அவள் அலுவலகம் போக வேண்டியிருந்தது. அவர்கள் பிரிவில் ஒரு வழக்கம்: பார்வைப் பணியில் இருப்பவர் எழுந்தால், குறிப்பேட்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழ வேண்டும், இடம் காலியாகக் கூடாது. இருபதாண்டு வழக்கம் யோசிக்காமலே நடந்தது. செருப்பை மாட்டும்போது பென்சிலை ஷ்வேதாவிடம் நீட்டினாள்.

“ரெண்டு மணிக்கு டெஸ்ட் முடியும் இல்லையா? அப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குறி. அந்த நாற்காலியிலேர்ந்தே பாரு. கோணம் மாறக் கூடாது.”

“எவ்ளோ தருவ?”

“அல்வா. அத்தை செய்வா.”

“அது அத்தை கணக்கு. உன் கணக்குல பீட்சா.”

“சரி.”

“பக்கா?”

“பக்கா.”

அலுவலகத்தில், ஒரு மணியளவில், இளநிலை ஆய்வாளன் வெங்கி திரையின் முன்னால் எழுந்து நின்றான். “மேடம், இழையைக் காணோம்! போன படத்துல இருந்துது. இதுல கிளீன். கரைஞ்சு போயிடுச்சு.”

“கரையல,” என்றாள் மதுமதி, தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நம்ம வடிகட்டி ஒரே ஒரு நிறத்தைத்தான் விடும். இழை நம்மளைப் பாத்து வேகமா வந்தா அதோட நிறம் கொஞ்சம் நகர்ந்துடும். அப்ப நம்ம படத்துல அது இருக்காது.”

“அப்ப காணாமப் போனா…”

“நேரே வருதுன்னு அர்த்தம். எதிர்ல நிக்கறவனுக்குத் தெரியாது. பக்கத்துலேர்ந்து பாக்கறவனுக்குத்தான் தெரியும். விண்கலம் எடுத்த படத்தைப் போடு.”

சூரியனை வேறொரு திசையிலிருந்து பார்க்கும் விண்கலத்தின் படம் வந்தது. அதில் இழை இருந்தது. இரு முனைகளும் பரப்பில் ஊன்றியிருக்க, நடுப்பகுதி வில்லாக வளைந்து வெளியே எழும்பியிருந்தது.

இராஜமாணிக்கம் அறையிலிருந்து வந்து கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்தார். “மூணு ஊசல் ஆச்சாம்மா?”

“இல்ல சார். காலையிலதான் பெருசாக ஆரம்பிச்சுது. ரெண்டரை.”

“ம். அது நம்ம விதியைப் படிக்கல போலிருக்கு,” என்றார் அவர். வெங்கி சிரித்தான்.

மதுமதி எச்சரிக்கையை எழுதினாள். எழுதி முடித்து, எழுத்துப்பிழை பார்த்து, அனுப்பினாள். அப்போது மணி ஒன்று ஐம்பது. இரண்டரை என்ற சொல் அவளுக்குள் எங்கோ விழுந்து, மரத்த சதையில் குத்திய ஊசியைப்போல, இடம் தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு, குறிப்பேட்டை வெங்கியிடம் கொடுத்துவிட்டு, அரை நாள் விடுப்பு என்று சொல்லிக் கிளம்பினாள். ஷ்வேதாவைக் கொண்டு விடுவது வெள்ளிக்கிழமை என்பதை இன்றே என்று மாற்றுவதில் தவறில்லை.

மெட்ரோவில் ஷ்வேதாவின் அளவுகள் ஒவ்வொன்றாக வந்தன. 2:15, நடுவில். 2:25, ஒரு விரல் கீழே. 2:35, மூன்று விரல் கீழே. ‘அம்மா ஈர டவல் ஸ்மெல் வருது, நீ எங்கயாவது போட்டியா?’ 2:45, நடுவில், வேகமாக ஏறுகிறது. கச்சிதமான குறிப்புகள். வெங்கியைவிட நன்றாக எழுதுகிறாள் என்று மதுமதி நினைத்தாள். ரயில் யமுனையைக் கடந்தது. பாலத்தின் இருபுறமும் நீர் தெரியவில்லை. சாம்பல் நிறப் பரப்பு ஒன்று இருந்தது.

யமுனா பேங்க் நிலையத்தில் கதவுகள் திறந்தபோது ஒரு படம் வந்தது. வெயில். சுவிட்சுப் பலகை. பென்சில் குறிகள். குறுக்கே எதுவும் இல்லை.

‘போயிடுச்சு!’

மதுமதியின் விரல், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கட்டைவிரல் உயர்த்திய படத்தை அனுப்பியது.

கதவுகள் மூடின. அப்போதுதான் அவளுக்குக் குளிர்ந்தது. முதலில் உள்ளங்கை. பிறகு முழங்காலின் பின்புறம். பதினொரு மாதமாக வராதது, ஒரே நேரத்தில், எல்லா இடத்திலும் வந்தது.

அழைத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தாள் ஷ்வேதா.

“ஷ்வேதா, எழுந்திரு. வெளியே போ. கதவைத் திறந்துட்டு வெளியே போ.”

“அம்மா? ஒண்ணும் கேக்கல. மெட்ரோ சத்தம்தான் வருது.”

“சுவரைப் பாக்காதே! எழுந்திரு!”

“ஹலோ? கேக்கலம்மா. கவலைப்படாத, இடத்தை விட்டு எழுந்துக்கல. நீ சொன்ன மாதிரி பாத்துக்கிட்டே இருக்கேன்.”

தொடர்பு அறுந்தது. மறுபடியும் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அக்ஷர்தாம். ஒருவரும் இறங்கவில்லை. கதவுகள் திறந்தே நின்றன. மூடின. மயூர் விஹார்.

ஆட்டோவில் ஏறியது நினைவில்லை. ஜல்தி, ஜல்தி என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது, அவளுடையதுதான். லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றிருந்தது. படியில் ஏறினாள். இரண்டாம் மாடியில் யார் வீட்டிலோ குக்கர் கத்தியது. மூன்றாம் மாடியில் அந்த வாடை தொடங்கியது. பிழியாத துணி. நான்காம் மாடி. சாவி. பூட்டில் நுழையவில்லை. நுழைந்தது.

வாசற்கதவு கூடத்தின் பக்கச்சுவரில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் நிழல் விழும் சுவர் இடப்புறம், சாப்பாட்டு மேசை வலப்புறம். இரண்டுக்கும் இடையே எட்டடி.

அந்த எட்டடியில் அது இருந்தது.

இரு முனைகளும் சுவரில் ஊன்றியிருந்தன. நடுப்பகுதி சுவரை விட்டு எழும்பி, காற்றில், ஒன்றிலும் தொங்காமல், வில்லாக வளைந்து மேசையின்மேல் வந்திருந்தது. கறுப்பு. வெயில் அதன்மேல் பட்டது, படவில்லை. அதன் வளைவின் நுனி ஷ்வேதாவின் மார்புக்கு ஒரு சாண் தொலைவில் நின்றது.

ஷ்வேதா பென்சிலுடன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சுவரில். முகத்தில் நிம்மதி.

“வந்துட்டியா? பாரும்மா,” என்றாள், திரும்பாமல். “ஒண்ணுமே இல்ல.”

அது சற்றே பின்வாங்கியது. ஊசல் பின்வாங்குவது எதற்கு என்பது மதுமதிக்குத் தெரியும்.

பை விழுந்தது. நான்கே எட்டு வைத்தாள். மேசையின் முனை இடுப்பில் இடித்தது. மகளுக்கு முன்னால் போய் நின்று, இரு கைகளையும் விரித்து, அவளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சுவரை நோக்கித் திரும்பினாள்.

வெயில். சுவிட்சுப் பலகை. பென்சில் குறிகள்.

சுவர் சுத்தமாக இருந்தது.